காகிதக் கதவு ஒட்டும் தாத்தாக்கள்

போன பொதுக்குழுவுக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தண்ணீர் லாரிக் கணக்கு, மாடித் தளத்தில் வடகம் காயப்போடலாமா கூடாதா என்ற விவகாரம் எல்லாம் முடிந்து, எல்லோரும் சாப்பாட்டை நினைக்க ஆரம்பித்த நேரத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. நம் வளாகத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, "மாதம் 8 நாள், காலையில 3 மணி நேரம் ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து ரசீது, பில், புகார் நோட்டு மூணையும் நான் பார்த்துக்கறேன். அதுக்கு ஒரு சின்னத் தொகை கொடுங்க" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து உடனே குரல் வந்தது. "நம்ம வீட்டு வேலைக்கு நாமே காசு வாங்கறதா?" இன்னொருவர், "பென்ஷன்தான் வருதே சார், அப்புறம் என்ன?" என்றார். கேட்டவரின் முகம் சுருங்கிவிட்டது. விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சண்டையைப் பார்த்தாலும் இது இதற்கு முன் எங்கே நடந்தது என்று மனம் தேடும். இந்தச் சண்டை ஐம்பது வருடத்துக்கு முன் டோக்கியோவில் நடந்திருக்கிறது. அங்கே அவர்கள் சாப்பிடப் போய்விடவில்லை. பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவின்படி இன்றும் ஜப்பானில் லட்சக்கணக்கான தாத்தா பாட்டிகள் வேலைக்குப் போய்வருகிறார்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு முன் உங்களுக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தால் நல்லது என்று தோன்றியது.

கதையை 1949லிருந்து தொடங்க வேண்டும். போரில் தோற்று, ஊர்கள் எரிந்து, வேலையில்லாதவர்கள் தெருவெல்லாம் நின்ற காலம். அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு நிவாரண வேலை கொடுத்தது. ரோடு போடுவது, இடிபாடுகளை அள்ளுவது போன்ற நாட்கூலி வேலை. டோக்கியோவில் ஒரு நாள் கூலி ஏறத்தாழ 240 யென். இரண்டு நூறு, நாலு பத்து. அதனால் அந்த ஆட்களுக்கே 'நிகோயோன்' என்று பெயர் விழுந்தது. 'நிகோ' என்றால் இரண்டு, 'யோன்' என்றால் நாலு. கூலியையே ஆளுக்குப் பெயராக வைத்தார்கள். மரியாதையான பெயர் இல்லை.

நிவாரணம் தற்காலிகம் என்றுதான் நினைத்திருந்தார்கள். அது இருபது வருடம் ஓடியது. நாடு பணக்கார நாடாகியது, இளைஞர்கள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள், நிவாரண வேலையில் வயதானவர்கள் மட்டும் தங்கிப்போனார்கள். 1971ல் அரசாங்கம் கதவைச் சாத்தியது. ஏற்கெனவே இருப்பவர்கள் இருக்கலாம், புதிதாக யாரும் சேர முடியாது என்று சட்டம் வந்தது.

இன்னொரு பக்கம் அலுவலகக்காரர்கள். அந்நாளில் ஜப்பானியக் கம்பெனிகளில் பொதுவாக 55 வயதில் ஓய்வு. ஆண்களுக்குத் தொழிலாளர் பென்ஷன் 60ல். நடுவில் ஐந்து வருடம் அந்தரம். 1975ல் ஜப்பானிய ஆணின் சராசரி ஆயுள் 71ஐத் தாண்டிவிட்டது. அதாவது வேலையும் இல்லாமல், கிழவராகவும் ஆகாமல் ஒரு நீண்ட காலம் முன்னால் கிடந்தது. முதுமையை நினைத்து அந்தச் சமூகம் பயந்துபோயிருந்ததற்கு ஒரு சாட்சி உண்டு. நினைவு தப்பிய மாமனாரைப் பராமரிக்கும் மருமகளைப் பற்றி சவாகோ அரியோஷி எழுதிய நாவல் 1972ல் வெளிவந்து பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

நாட்கூலிக்காரர்களின் சங்கம் டோக்கியோ நகர நிர்வாகத்திடம் போய் நின்றது. வயதானவர்களுக்கு வேலை கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அப்போது ஆளுநராக இருந்தவர் ரியோகிச்சி மினோபே, பொருளாதாரப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். முதியவர்களுக்கு இலவச வைத்தியம் என்பதை நாட்டுக்கே முன்னோடியாக 1969ல் டோக்கியோவில் கொண்டுவந்தவர். அவர் காலத்தில் இந்தக் கோரிக்கையை ஆராய ஒரு குழு அமைந்தது. அதை வழிநடத்தியவர் கசுவோ ஓகோச்சி. தொழிலாளர் கொள்கையை வாழ்நாள் முழுவதும் படித்தவர், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1968ல் மாணவர் போராட்டம் வெடித்தபோது அந்தப் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. 1974ல் இந்த வேலை கைக்கு வந்தபோது அவருக்கே வயது 69. ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்று யோசிக்கும் குழுவை, ஓய்வுக்குப் பின் இருந்த ஒருவர் நடத்தினார். அந்தக் குழுவின் முடிவுகள் நடைமுறைக்கு ஒத்துவந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

குழுவின் முன் இருந்த கேள்வி நம் பொதுக்குழுவில் எழுந்த அதே கேள்விதான். ஒரு பக்கம், வயதானவர்களுக்குச் சம்பளத்தோடு நிரந்தர வேலை வேண்டும், வயிற்றுப்பாடு தீர வேண்டும் என்றார்கள். மறுபக்கம், முதியவர்கள் கூடிப் பாட்டுப் பாடவும் கோ விளையாடவும் மன்றங்கள் இருக்கின்றனவே, போதாதா என்றார்கள். ஓகோச்சி குழு இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைப் பிடித்தது.

அது இப்படி இயங்கும். ஊரிலுள்ள 60 வயது கடந்தவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அமைப்பு வைத்துக்கொள்வார்கள். அவர்கள் யாரிடமும் வேலைக்காரர்கள் இல்லை, உறுப்பினர்கள். வீடுகள், கடைகள், நகராட்சி ஆகியவற்றிடமிருந்து அமைப்பு வேலைகளை எடுக்கும். தற்காலிகமான, குறுகிய கால, உடம்புக்கு இலகுவான வேலைகள் மட்டும். அதை உறுப்பினர்களுக்குள் பகிர்ந்து கொடுக்கும். ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள முடியாது, முறை வைத்துப் போக வேண்டும். இன்றைக்கும் மாதம் சுமார் 10 நாள், வாரம் 20 மணி நேரத்துக்குள் என்பதுதான் பொதுவான வழக்கம். வந்த பணத்தைச் செய்த வேலைக்கேற்பப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, 'பங்கீட்டுப் பணம்' என்று பொருள்படும் சொல் ஒன்றை வைத்தார்கள். மாதத்துக்கு ஏதோ சில பத்தாயிரம் யென் தேறும். குடும்பம் நடத்தப் போதாது. பேரனுக்கு வாங்கிக் கொடுக்கவும், நண்பர்களோடு வெந்நீர் ஊற்றுக்கு ஒரு பயணம் போகவும் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது பணத்தை அவர்கள் விடாததுதான். இலவச சேவை என்று வைத்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும், பாராட்டும் கிடைத்திருக்கும். ஆனால் சேவை செய்கிறவரிடம் "ஏன் நேற்று வரவில்லை?" என்று கேட்க முடியாது. "இந்தக் கதவு சரியாக ஒட்டவில்லை, மறுபடி செய்யுங்கள்" என்று சொல்ல முடியாது. காசு வாங்கினால் இரண்டையும் கேட்கலாம், கேட்கப்படுகிறவருக்கும் தான் இன்னும் கணக்கில் இருக்கிற ஆள் என்று தெரியும். இந்த விளக்கம் என்னுடையது. ஆனால் அந்த அமைப்பு நின்று நிலைத்ததைப் பார்க்கும்போது வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

1975 பிப்ரவரியில் முதல் அமைப்பு டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் எடோகாவா என்ற வட்டாரத்தில் பிறந்தது. சுற்றுலாக்காரர்கள் போகிற டோக்கியோ இல்லை அது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே தாழ்வான நிலம். சிறு பட்டறைகள், கீரைத் தோட்டங்கள், தங்கமீன் வளர்க்கும் குளங்கள். அங்கிருந்து மற்ற வட்டாரங்களுக்கும், பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1980ல் மத்திய அரசு மானியம் கொடுக்க ஆரம்பித்தபோது இன்றைய பெயர் வந்தது: சில்வர் மனிதவள மையம். 1986ல் சட்ட அங்கீகாரம்.

'சில்வர்' என்ற சொல்லுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1973 செப்டம்பர் 15, முதியோர் மரியாதை தினத்தன்று, ஜப்பான் ரயில்வே டோக்கியோவின் ஒரு தடத்தில் வயதானவர்களுக்கென்று இருக்கைகள் ஒதுக்கியது. மற்ற இருக்கைகளிலிருந்து அவை தனியாகத் தெரிய வேறு நிறத் துணி வேண்டும். கையிருப்பில் இருந்தது புல்லட் ரயில் இருக்கைகளுக்கு வாங்கிய வெள்ளிச் சாம்பல் நிறத் துணி. அதைப் போட்டுத் தைத்தார்கள், 'சில்வர் சீட்' என்று பெயர் வைத்தார்கள். நரைத்த முடியை நினைத்து யாரோ கவித்துவமாக வைத்த பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் எண்ணியிருந்தேன். மிச்சத் துணி!

சரி, என்ன வேலை செய்தார்கள்? எனக்குப் பிடித்தது காகிதக் கதவு. ஜப்பானிய வீடுகளில் மரச் சட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டிய தள்ளுகதவுகள் உண்டு, ஷோஜி என்பார்கள். குழந்தை விரலால் குத்தினால் ஓட்டை, பூனை தாவினால் கிழிசல், எதுவும் ஆகாவிட்டாலும் வெயிலில் மஞ்சளாகிவிடும். அதனால் அவ்வப்போது காகிதத்தை மாற்ற வேண்டும், அதுவும் வருடக் கடைசியில் வீட்டையே கவிழ்த்துச் சுத்தம் செய்யும்போது. நமக்குப் போகிக்கு வெள்ளையடிப்பது போல. கதவைக் கழற்றி, சட்டங்களில் தண்ணீர் தடவி ஊறவிட்டால் பழைய பசை இளகும். காகிதத்தைப் பொறுமையாக உரித்து, சட்டத்தைத் துடைத்துக் காயவிட்டு, புதுப் பசை தடவி, சுருள் காகிதத்தை ஒரு முனையிலிருந்து உருட்டிக்கொண்டே போய், ஓரத்தைப் பிளேடால் வெட்டுவார்கள். கடைசியில் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். காயும்போது காகிதம் தானாக இழுத்துக்கொண்டு மத்தளத் தோல் போல விறைக்கும். அவசரக்காரன் செய்யக்கூடிய வேலையில்லை. இளைஞர்களுக்கு நேரமில்லை, கடைக்காரருக்கு இரண்டு கதவுக்காக வருவது கட்டாது. வயதானவருக்கோ நேரமும் உண்டு, சின்ன வயதில் அம்மா செய்ததைப் பார்த்த ஞாபகமும் உண்டு. மையங்களின் அடையாள வேலையாகவே அது ஆகிவிட்டது.

தோட்ட மரங்களைக் கத்தரிப்பது இன்னொன்று. நாற்பது வருடம் மேசையில் கையெழுத்துப் போட்டவர்கள் மையத்தின் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, மூன்று கால் ஏணியைத் தூக்கிக்கொண்டு பைன் மரத்தடியில் நின்றார்கள். கையெழுத்து அழகாக உள்ளவர்களுக்குத் தூரிகையால் சான்றிதழிலும் உறையிலும் பெயர் எழுதும் வேலை. ரயில் நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் நிற்கும் சைக்கிள்களை வரிசைப்படுத்துவது, கத்தி சாணை பிடிப்பது, களை பிடுங்குவது, தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பதிலாகக் குடும்பக் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து வருவது. சில மையங்களில் 500 யென் நாணயம் ஒன்றைக் கொடுத்தால் வந்து பல்பு மாற்றிக் கொடுப்பார்கள். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வீட்டு வேலை உதவி, குழந்தை பார்த்துக்கொள்வது போன்றவற்றுக்கு அவர்களைத்தான் கேட்கிறார்கள்.

பெண்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1980களில் ஜப்பானில் ஓய்வுபெற்ற கணவன்மாருக்கு ஒரு பட்டப்பெயர் பிரபலமானது: 'நனைந்த சருகு'. மழையில் நனைந்த இலை துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு உதறினாலும் போகாதாம். மனைவி கடைக்குப் போனால் "நானும் வரேன்", தோழி வீட்டுக்குப் போனால் "எப்போ வருவே?", "மதியத்துக்கு என்ன?" நம் பிளாக்குகளில் இது எத்தனை வீட்டுக் கதை என்று நான் எண்ணப்போவதில்லை. லிஃப்டில் என்னைச் சந்திக்கும் அக்காமார்களே சொல்லியிருக்கிறார்கள். அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாரத்தில் மூன்று காலை நேரம் வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம் இருப்பதன் விலை என்ன என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

இதுவரை சொன்னது இனிப்பான பகுதி. இனி கசப்பு.

உறுப்பினர்கள் தொழிலாளர் இல்லை என்று வைத்ததால் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. ஏணியிலிருந்து விழுந்தால்? புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து கல் தெறித்துக் கார்க் கண்ணாடி உடைந்தால்? மையங்கள் தனியாகக் குழுக் காப்பீடு எடுத்துச் சமாளித்தன. ஆனால் ஓர் ஓட்டை பல வருடம் அடைபடாமல் இருந்தது. வேலை விபத்துக் காப்பீடு, "நீங்கள் தொழிலாளர் இல்லை" என்று கைவிரித்தது. மருத்துவக் காப்பீடு, "இது வேலையில் பட்ட அடி, எங்கள் கணக்கில் வராது" என்றது. இரண்டுக்கும் நடுவே அடிபட்டவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய நிலை. 2013ல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அது சரியானது. எடோகாவாவில் தொடங்கி 38 வருடம் கழித்து.

தோட்டக்காரர்களும் சிறு ஒப்பந்தக்காரர்களும் முணுமுணுத்தார்கள். பென்ஷன் வாங்குகிறவர் மலிவாக மரம் வெட்டினால் அதையே தொழிலாகக் கொண்டவன் என்ன செய்வான் என்பது நியாயமான கேள்வி. அதைவிடப் பெரிய குறை ஒன்று. கதையைத் தொடங்கியவர்கள் யார்? நிகோயோன்கள், சோற்றுக்கு வேலை கேட்டவர்கள். முடிவில் கிடைத்தது மனநிறைவுக்கான வேலை. மாதம் 10 நாள் வேலை என்பது பென்ஷன் உள்ளவருக்கு மகிழ்ச்சி, பென்ஷன் இல்லாதவருக்குப் பாதி வயிறு. ஓகோச்சி குழு செய்தது நல்ல காரியம்தான், ஆனால் கேட்டவர்களுக்கு அது முழுப் பதில் இல்லை. நம் வளாகத்திலும் இதை மறக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. இரவு கேட்டில் நிற்கும் நம் செக்யூரிட்டிக்கும் 60 வயது கடந்துவிட்டது. அவர் மகிழ்ச்சிக்காக வேலை பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற குடியிருப்பாளர் செய்கிறார் என்று சொல்லி அவருடைய வேலையிலோ, தோட்டக்காரர் வேலையிலோ, பெருக்கும் அம்மா வேலையிலோ கைவைத்தால் அது பாவம்.

இப்போது மையங்கள் எப்படி இருக்கின்றன? நாடெங்கும் 1,300க்கு மேல் உண்டு. 2009 வாக்கில் உறுப்பினர்கள் 8 லட்சத்தை நெருங்கினார்கள். பிறகு குறைந்து 7 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. கிழவர்கள் குறைந்ததால் இல்லை. 2006லிருந்து கம்பெனிகள் 65 வயதுவரை வேலை தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது, 2021லிருந்து 70 வரை முயற்சி செய்யச் சொல்கிறது. அதனால் 60ல் மையத்துக்கு வந்து ஏணி பிடிக்கப் பழகியவர்கள் இப்போது 70ல்தான் வருகிறார்கள். 70ல் பைன் மரம் ஏறப் பழக முடியுமா? காகிதக் கதவு ஒட்டத் தெரிந்தவர்களுக்கு 80 ஆகிறது. நம் ஊரில் அரசு ஊழியர் ஓய்வு வயது 58லிருந்து 59, 2021ல் 60 என்று ஏறியபோது, இளைஞர் வேலை என்னாகும் என்றுதான் எல்லோரும் பேசினோம். அதற்குப் பிறகு வரும் 20 வருடத்தைப் பற்றி யாரும் பேசிய மாதிரி எனக்கு ஞாபகமில்லை.

நம் விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். ஆபீஸ் ரூம் வேலையை ஒருவருக்கு மட்டும் கொடுக்க வேண்டாம், விருப்பமுள்ள மூன்று நான்கு பேர் முறை வைத்துச் செய்யட்டும். தொகை சிறியதாக இருக்கட்டும், ஆனால் கட்டாயம் இருக்கட்டும், ரசீதோடு. இப்போது சம்பளத்துக்கு இருப்பவர்கள் செய்யும் எந்த வேலையையும் அதில் சேர்க்கக் கூடாது. மோட்டார் ரூம், மாடித் தொட்டி, ஏணி வைத்துச் செய்யும் வேலை எதுவும் கூடாது. அதோடு, வேலைக்கு வருகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்த பிறகுதான் முதல் நாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது, வெளியூர் போகிறவர்களின் செடிக்குத் தண்ணீர் விடுவது, ஆன்லைனில் வரி கட்டத் தெரியாத பெரியவர்களுக்கு உட்கார்ந்து கட்டித் தருவது என்று பின்னால் வேறு வேலைகளும் சேரலாம். யாருக்கு என்ன வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தையல் வரும், ஃபால்ஸ் அடித்துத் தர நான் தயார். சேலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வேன், சும்மா செய்ய மாட்டேன்.

அன்று முகம் சுருங்கிப் போன நண்பரிடம் போன வாரம் வாக்கிங்கில் பேசினேன். "இன்னும் செய்ய விருப்பம் இருக்கா சார்?" என்று கேட்டேன். "எழுதிக் கொடுத்தா வர்றேன் மேடம், வாய் வார்த்தைக்கு வர மாட்டேன்" என்றார். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இது 6வதாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடும்.